உடற்பயிற்சி செய்தும் எடை குறையவில்லையா? நான்கு வாரத்தில் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

"மூணு மாசமா ஒரு நாள் விடாம நடக்கிறேன். ஒரு கிலோ கூடக் குறையல." இதைச் சொல்லாதவர்கள் குறைவு. இதைச் சொன்ன பிறகு பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: நடப்பதையே விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் நடையை இரண்டு மடங்காக்கி முட்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். காரணம் என்ன என்று பார்ப்பதற்கு முன்பே முடிவு எடுத்துவிடுகிறோம். எனக்கு அதுதான் மனவருத்தம்.

நானும் பத்து வாரம் தினமும் 40 நிமிடம் நடந்தேன். எடை அப்படியே நின்றது. என் உடம்பு வாகே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். பிறகு ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தபோதுதான், சிக்கல் நடையில் இல்லை, மீதி 23 மணி நேரத்தில் இருக்கிறது என்று புரிந்தது. அந்த நோட்டை எப்படிப் போடுவது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

தேவையானவை: எடை பார்க்கும் மெஷின், தையல் டேப், ஒரு நோட்டு, சமையலறை அளவுக் கரண்டி, அடிகளை எண்ணும் வசதியுள்ள போன். முன்பு சாப்பாட்டுப் பழக்கம் தொடர்பான மனநலச் சிக்கல் இருந்தவர்கள், தினமும் எடை பார்க்கும் வேலையை மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

படி 1: எடை உண்மையிலேயே குறையவில்லையா என்று பாருங்கள்

மெஷினைச் சமமான, கெட்டியான தரையில் வையுங்கள். பாய், கம்பளம் மேல் வைத்தால் கணக்கு தப்பும். காலையில் எழுந்து கழிப்பறை போய்விட்டு வந்ததும், தண்ணீர் கூடக் குடிப்பதற்கு முன், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில் ஏறி நில்லுங்கள். எண்ணை எழுதிவிட்டு அதை மறந்துவிடுங்கள். ஒரு நாளின் எண்ணுக்குப் பொருள் இல்லை. ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்தால் வரும் சராசரிதான் உங்கள் எடை.

எடுத்துக்காட்டாக இந்த இரண்டு வாரங்களைப் பாருங்கள்.

முதல் வாரம்: 74.2, 74.9, 74.0, 73.8, 74.6, 74.1, 73.9
இரண்டாம் வாரம்: 74.5, 73.7, 73.6, 74.3, 73.9, 73.5, 73.8

வாரத்தின் முதல் நாளில் மட்டும் எடை பார்க்கிறவர் 74.2 கிலோ 74.5 ஆகிவிட்டது, 300 கிராம் ஏறிவிட்டது என்று சோர்ந்துபோவார். சராசரியைப் போட்டுப் பாருங்கள்: முதல் வாரம் 74.2, இரண்டாம் வாரம் 73.9. அவருக்கு 300 கிராம் குறைந்திருக்கிறது! குறைந்துகொண்டிருக்கும்போதே தோற்றுவிட்டதாக நினைத்து எத்தனை பேர் நிறுத்தியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் தண்ணீர்தான். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டு நிற்கும். உப்பு கூடினாலும் தண்ணீர் தேங்கும். புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவர்களுக்குத் தசை வலியெடுக்கும் முதல் வாரங்களில், தசை தன்னைச் சரிசெய்துகொள்ளும்போதும் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஆரம்பத்தில் எடை சற்றே ஏறினால் பயப்பட வேண்டாம். மாதவிடாய் சுழற்சியிலும் எடை ஏறி இறங்கும் என்பதால், பெண்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுவதே சரி. நான்கு வாரம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாரம் ஒரு முறை இடுப்பையும் அளந்து எழுதுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்டுவிட்டு அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. எடை நின்றிருந்தும் இடுப்பளவு குறைகிறது என்றால் கொழுப்பு கரைந்து தசை கூடுகிறது. எடை தூக்கும் பயிற்சியைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு இது நடப்பதுண்டு. உங்களுக்கும் அப்படியென்றால் எதையும் மாற்ற வேண்டாம், செய்வதையே செய்யுங்கள்.

படி 2: உங்கள் பயிற்சி எவ்வளவு எரிக்கிறது என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

உடற்பயிற்சியின் கடினத்தை மெட் என்ற அளவால் குறிப்பார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது ஏறக்குறைய 3.5 மெட். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது 8 மெட்டுக்குச் சற்று மேல். கணக்கு எளிது: மெட் × உங்கள் எடை (கிலோ) × நேரம் (மணி) = கலோரி.

70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் நடந்தால் 3.5 × 70 × 0.5, அதாவது சுமார் 122 கலோரி. ஆனால் அந்த அரை மணி அவர் உட்கார்ந்திருந்தாலும் 35 கலோரி செலவாகியிருக்கும். அதைக் கழித்தால் நடையால் கூடுதலாகச் செலவானது 87 கலோரிதான்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் தோராயமாக 7,700 கலோரி இருக்கிறது. 7,700-ஐ 87-ஆல் வகுத்துப் பாருங்கள். 88 நாள்! ஒரு வாய் கூட அதிகம் சாப்பிடாமல் இருந்தாலே ஒரு கிலோ குறைய மூன்று மாதம் ஆகும். "மூணு மாசத்துல ஒரு கிலோ கூடக் குறையல" என்பவரின் உடம்பில் கோளாறு இருக்கிறது என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அரை மணி நடைக்கு அவ்வளவுதான் பலம் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ட்ரெட்மில் திரையும் கைக்கடிகாரமும் பெரிய எண்ணைக் காட்டுகின்றனவே என்று கேட்பீர்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரி விஷயத்தில் மட்டும், அவற்றில் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம் தவறியது. அதனால் கடிகாரம் காட்டும் கலோரியை நம்பி "இவ்வளவு எரித்துவிட்டேன், இவ்வளவு சாப்பிடலாம்" என்று கணக்குப் போடாதீர்கள்.

படி 3: ஒரு வாரம் சாப்பிடுவதை எல்லாம் எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். தாண்டாதீர்கள், விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

1992-இல் வெளியான ஓர் ஆய்வில், 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை ஆராய்ந்தார்கள். அவர்கள் தாம் சாப்பிட்டதை உண்மையைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றம் இயல்பாகவே இருந்தது. அவர்கள் வேண்டுமென்று பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. கண்ணளவில் மதிப்பிட்டால் யாருக்கும் இந்தப் பிழை வரும்.

எழுதுவதற்கு ஒரே விதிதான்: சாப்பிட்டு முடித்ததும் அங்கேயே எழுத வேண்டும். இரவில் மொத்தமாக எழுத உட்கார்ந்தால் பாதி மறந்துபோகும். சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளை மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் வாயில் போட்டது, எல்லாமே கணக்கில் வர வேண்டும்.

முதல் நாளே எண்ணெயை அளந்துவிடுங்கள். வழக்கமாக வாணலியில் எவ்வளவு ஊற்றுவீர்களோ அதை அப்படியே ஒரு கிண்ணத்தில் ஊற்றுங்கள். பிறகு அளவுக் கரண்டியால் எடுத்து எடுத்து வாணலியில் விடுங்கள். நான் இதைச் செய்வதற்கு முன் என்னைக் கேட்டிருந்தால் "ஒரு கரண்டி" என்றுதான் சொல்லியிருப்பேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, நான்காவது கரண்டி பாதி நிறைந்தபோதுதான் கிண்ணம் காலியானது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம், சுமார் 120 கலோரி. அதாவது, நான் கூடுதலாக விட்ட ஒவ்வொரு கரண்டியும் அரை மணி நடையை முழுசாகத் தின்றுவிட்டு மேலும் கேட்டது. எண்ணெய் கெட்டது என்று சொல்லவில்லை. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்திலோ புரதத்திலோ 4 கலோரி. அளவு கண்ணை ஏமாற்றும் பொருள்களில் எண்ணெய்க்குத்தான் முதலிடம்.

அடுத்து, குடிப்பவை. ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 16 கலோரி. கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் நாளைக்கு நான்கு கோப்பை என்றால், சர்க்கரை மட்டுமே 128. பழச்சாறும் அப்படித்தான், பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் நிறையும் வயிறு, சாற்றால் அவ்வளவு நிறையாது. கொட்டைப் பருப்புகள் உடம்புக்கு நல்லவை, ஆனால் 30 கிராமிலேயே 170 கலோரிக்கு மேல் இருக்கும்.

எழுதும்போது பயிற்சி நாள், ஓய்வு நாள் என்று மேலே குறித்துக்கொள்ளுங்கள். "இன்று நன்றாக உழைத்தோம்" என்ற நினைப்பே பயிற்சி நாளில் ஒரு பிடி கூடச் சாப்பிட வைக்கும். இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

படி 4: மீதி 23 மணி நேரத்தை அளவெடுங்கள்

நிற்பது, மாடி ஏறுவது, துணி மடிப்பது, காலை ஆட்டுவது என்று பயிற்சி அல்லாத அசைவுகளிலும் நிறைய செலவாகிறது. 1999-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் ஜேம்ஸ் லெவின் குழுவினர் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்குச் சேர்ந்த கொழுப்பு வெறும் 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. இந்த வேறுபாட்டைப் பெருமளவு தீர்மானித்தவை இத்தகைய சின்னச் சின்ன அசைவுகள்தான்.

இது நமக்கு எப்படிப் பொருந்துகிறது? காலையில் கடுமையாகப் பயிற்சி செய்தவர் மதியத்துக்கு மேல் தன்னை அறியாமல் அதிகம் உட்கார்ந்துவிடுவார். நானே அப்படித்தான் இருந்தேன். நடந்துவிட்டு வந்தோம் என்ற நிம்மதியில், இரண்டு அடி தள்ளியிருக்கும் தண்ணீரைக் கூட யாரையாவது எடுத்துத் தரச் சொன்ன நாள்கள் உண்டு.

இதைவிட வியப்பானது அமெரிக்க மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்ஸர் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்கள் நாள் முழுக்க நடப்பவர்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், அவர்களின் ஒரு நாள் மொத்தக் கலோரிச் செலவு மேற்கத்திய நகரவாசிகளின் செலவை ஒட்டியே இருந்தது. உழைப்பு கூடும்போது உடல் வேறு இடங்களில் செலவைச் சுருக்கிக்கொள்கிறது என்பது பான்ட்ஸரின் விளக்கம். நடையை இரட்டிப்பாக்கினால் எடைக் குறைப்பும் இரட்டிப்பாகும் என்று எண்ண முடியாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது: போனில் அன்றைய மொத்த அடிகளைப் பாருங்கள். அதில் பயிற்சிக்காக நடந்த அடிகளைக் கழித்து, மிச்சத்தை எழுதுங்கள். பயிற்சி நாளின் மிச்சம் ஓய்வு நாளைவிடக் குறைவாக இருந்தால் ஓர் ஓட்டை கிடைத்துவிட்டது.

படி 5: பயிற்சியையும் தூக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள்

வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையாது. கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்று உடல்தான் முடிவு செய்யும். உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்குச் சொல்வது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. வெறும் நடை மட்டும் நடப்பவர்கள் அந்த இரண்டு நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றிப் புஷ்-அப் எடுப்பது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவது போதும், ஜிம் வேண்டியதில்லை. எடை குறையும்போது தசை கரையாமல் இருக்க இது உதவும்.

தூக்கத்தைப் பற்றி ஒரு சிறிய ஆய்வு என் மனதில் நின்றுவிட்டது. 2010-இல் வெளியான அதில், பத்துப் பேருக்கு உணவைக் குறைத்து, இரண்டு வாரம் இரவில் எட்டரை மணி நேரமும் இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் தூங்க நேரம் கொடுத்தார்கள். இரண்டு முறையும் சுமார் 3 கிலோ குறைந்தது. ஆனால் குறைந்த எடையில் கொழுப்பின் அளவு, நன்றாகத் தூங்கியபோது 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ. மீதி பெரும்பாலும் தசை போன்ற கொழுப்பல்லாத பகுதி. விடியற்காலைப் பயிற்சிக்காகத் தூக்கத்தை வெட்டுகிறவர்கள் பயிற்சியை மாலைக்கு மாற்றிப் பாருங்கள்.

படி 6: ஒரே ஒரு மாற்றம், பிறகு மறுபடி நான்கு வாரம்

இப்போது நோட்டைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய ஓட்டை எது என்று பாருங்கள். அதை மட்டும் அடைத்துவிடுங்கள். எனக்கு அது எண்ணெய். தினமும் ஒன்றரைக் கரண்டி குறைத்தேன், 180 கலோரி. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது, நீண்ட நாள் தாங்கவும் முடியாது. நாளுக்கு 200 முதல் 300 கலோரி குறைந்தாலே போதும். 300 என்றால் நான்கு வாரத்தில் 8,400, கிட்டத்தட்ட ஒரு கிலோ.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் வாரச் சராசரியும் இடுப்பளவும் அசையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு சுரப்பு குறைவது, சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி போன்றவை எடையைக் குறையவிடாமல் செய்யலாம். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் ஆகியவற்றாலும் எடை ஏறும். ஆனால் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. போகும்போது அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு நடக்கிறீர்கள், எப்போதிலிருந்து எடை நின்றது என்று அவர் கேட்கும்போது, யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம்.