விவாகரத்து வழக்கில் எதிர்தரப்பிடம் வக்கீல் ஃபீஸ் கேட்பது எப்படி? (கலிஃபோர்னியா)

அமெரிக்காவில் பொதுவாக அவரவர் வக்கீலுக்கு அவரவர்தான் ஃபீஸ் கட்டவேண்டும். ஜெயித்தவரின் செலவைத் தோற்றவர் தலையில் கட்டுகிற வழக்கம் அங்கே இல்லை. சில வகை வழக்குகளில் விலக்கு உண்டு, குடும்ப வழக்கும் அதில் ஒன்று. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் கலிஃபோர்னியாவை மட்டும் பார்ப்போம்.

படி 1: எந்தப் பிரிவு?

விவாகரத்து என்றால் குடும்பச் சட்டத்தின் 2030-ஆம் பிரிவு. மணமாகாத பெற்றோருக்குள் குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கென்றால் 7605. இரண்டிலும் நீதிபதி பார்ப்பது பணநிலையைத்தான். ஒருவரிடம் வசதி, இன்னொருவரிடம் இல்லை, வசதியுள்ளவரால் இரண்டு பக்கச் செலவையும் தாங்க முடியுமா? கணவரும் கேட்கலாம், மனைவியும் கேட்கலாம். துணை துரோகம் செய்ததைப் பக்கம் பக்கமாக எழுதுவது இதற்கு உதவாது.

படி 2: படிவங்கள்

எஃப்எல்-300 கோரிக்கை மனு. எவ்வளவு வேண்டும் என்பதற்கு எஃப்எல்-319, ஏன் என்பதற்கு எஃப்எல்-158. வருமானம், செலவுக்கு எஃப்எல்-150.

இந்த 150-ஐத்தான் நிதானமாக நிரப்பவேண்டும். வக்கீல் ஃபீஸ் பகுதியில் நான்கு கேள்விகள்: இதுவரை கட்டியது எவ்வளவு, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, பாக்கி எவ்வளவு, வக்கீலின் மணிநேரக் கட்டணம் என்ன. இரண்டாவது கேள்விக்கு ‘சொந்தப் பணம்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். கிரெடிட் கார்டா, அண்ணனிடம் வாங்கிய கடனா, உள்ளதை உள்ளபடி போடுங்கள். உங்கள் நிலைமையை அந்த ஒரு வரியே சொல்லிவிடும். கடைசி இரண்டு மாதச் சம்பளச் சீட்டையும் இணைக்கவேண்டும். அதில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைத் தெரியாதபடி கறுப்பாக அடித்து மறைத்துவிடுங்கள்.

இன்னும் வக்கீலே வைக்கவில்லையா? வைப்பதற்குப் பணம் வேண்டும் என்றே கேட்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

படி 3: தாக்கலும் சேர்ப்பித்தலும்

கோர்ட்டில் தாக்கல் செய்தபின் நகலை எதிர்தரப்புக்கு நீங்களே கொடுக்கக்கூடாது. வழக்கில் சம்பந்தப்படாத, 18 வயது நிரம்பிய ஒருவர் கொடுக்கவேண்டும். நேரில் என்றால் விசாரணைக்குக் குறைந்தது 16 கோர்ட் வேலைநாட்களுக்கு முன்பே. கோர்ட் கட்டணத்துக்குக் காசில்லை என்றால் எஃப்டபிள்யூ-001 படிவத்தில் விலக்குக் கேளுங்கள்.

அதுவரை என்ன செய்வது?

விவாகரத்து சம்மனில், சொத்தைக் கைமாற்றக்கூடாது என்ற தடை இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து ஜாயின்ட் அக்கவுண்ட் பக்கமே போகாதவர்கள் உண்டு. வக்கீலுக்குக் கட்ட அந்தப் பொதுப்பணத்தை எடுக்கலாம், ஆனால் கோர்ட்டுக்குக் கணக்குக் காட்டவேண்டும்.

அப்புறம் 271-ஆம் பிரிவு. சமரசத்துக்கு வராமல் வேண்டுமென்றே இழுத்தடித்தால், அதனால் கூடிய வக்கீல் செலவை இழுத்தடித்தவரிடமே வாங்கித் தர நீதிபதியால் முடியும். இதற்கு உங்களிடம் பணமில்லை என்று காட்டத் தேவையில்லை. நீங்கள் இழுத்தடித்தாலும் இதே பிரிவு உங்கள்மேல் பாயும்.