பேச்சு வானொலியைக் கடனில் மூழ்கவிடாமல் நடத்துவது எப்படி

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கரையில் ஒரு சிறு சமுதாய வானொலிக்கு ஆறு ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். மாற்றுக் கருத்துக்கும் எளியவர் குரலுக்கும் இடம் கொடுக்கும் பேச்சு வானொலி ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று வருகிற இளைஞர்கள் எங்களிடம் முதலில் விசாரிப்பது ஒலிபரப்புக் கருவியின் விலையைத்தான். மூன்றாம் ஆண்டு வைகாசியில், படகுகள் எல்லாம் கரையேறிக் கிடக்கும்போது மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கான விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தொழிலில் பணம் எப்படிக் கரைகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவின் ஏர் அமெரிக்கா வானொலியின் கதையை முதலில் படிக்கச் சொல்வேன். வலதுசாரிப் பேச்சாளர்களே ஆக்கிரமித்திருந்த அலைவரிசைகளில் தாராளவாதிகளின் குரலும் ஒலிக்க வேண்டும் என்று 2004 மார்ச் 31 அன்று அது தொடங்கப்பட்டது. நகைச்சுவையாளர் அல் ஃபிராங்கன் அதன் முகமாக இருந்தார். பின்னாளில் தொலைக்காட்சியில் பெயர் பெற்ற ரேச்சல் மேடோவும் அங்கே பேசியவர்தான். ஆனால் தொடங்கி இரண்டே வாரத்தில், அலைவரிசையை வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தோடு பணத் தகராறு மூண்டு, சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் ஒலிபரப்பு நின்றது. அடுத்த ஆண்டு, சிறுவர் மன்றம் ஒன்றின் 8,75,000 டாலர் இந்த வானொலிக்குக் கைமாற்றாகப் போயிருந்தது வெளியே வந்து பெரும் அவப்பெயரானது. 2006 அக்டோபரில் திவால் மனு கொடுத்தபோது கடன் 2 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. சொத்தோ 43 லட்சம் டாலர் அளவில்தான் இருந்தது. கடன்காரர்களின் பட்டியலில் ஃபிராங்கனும் இருந்தார். 2007இல் கை மாறிய பிறகும் அது தேறவில்லை. 2010 ஜனவரியில் மூடப்பட்டது.

கேட்க ஆளில்லை என்று மட்டும் சொல்லி இதை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. 1987இல், சர்ச்சைக்குரிய பொருளில் இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் நீக்கப்பட்டது. மறு ஆண்டு வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பா நாடு முழுவதும் ஒலிக்கத் தொடங்கினார். இசை எல்லாம் எஃப்.எம்முக்குப் போய்விட்டதால் அப்போது ஏ.எம். என்ற பழைய அலைவரிசை நிலையங்கள் பல வெறிச்சோடிக் கிடந்தன. அவருடைய தரப்பு பண்டமாற்று முறையைப் பெரிதும் நம்பியது: நிகழ்ச்சியை நிலையத்திடம் கொடுத்து, அதில் சில நிமிட விளம்பர நேரத்தைத் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள். ஏர் அமெரிக்காவோ முக்கிய நகரங்களில் தானே வாடகை கொடுத்து ஒலிபரப்பியது. வருமானம் வரும் முன்பே வாடகை ஓடத் தொடங்கிவிட்டால், படகு கட்டி முடிக்குமுன் வட்டி கட்டத் தொடங்கியவனின் கதிதான். போதாக்குறைக்கு, 2006இல் வெளியான ஒரு வானொலிக் குழுமத்தின் உள்சுற்றறிக்கையில், ஏர் அமெரிக்கா நிகழ்ச்சிகளின் நடுவே தங்கள் விளம்பரம் வரக்கூடாது என்று சொன்ன ஏறத்தாழ 90 விளம்பரதாரர்களின் பெயர்கள் இருந்தன. கருத்தைக் கண்டு காசு ஒதுங்குவது ஒரு தரப்புக்கு மட்டும் நேர்வதல்ல. 2012இல் லிம்பா ஒரு மாணவியை இழிவாகப் பேசியபோது அவரிடமிருந்தும் விளம்பரதாரர்கள் விலகினார்கள். ஆனால் அவருக்கு அதைத் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு சேர்ந்திருந்தது, புதியவருக்கு அது இருக்காது.

ஆகவே முதல் வேலை, வாடகை நேரத்தை நம்பாமல் சொந்த உரிமம் பெறுவது. இந்தியாவில் 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் சமுதாய வானொலி உரிமம் திறந்துவிடப்பட்டது. பாம்பனில் மீனவர்களுக்கென்று 90.4இல் ‘கடல் ஓசை’ 2016 முதல் ஒலிப்பதை இந்தக் கரையில் எல்லோரும் அறிவோம். தனிநபருக்கோ கட்சிக்கோ இந்த உரிமம் கிடையாது. பதிவு செய்த அறக்கட்டளையோ சங்கமோ வேண்டும். இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்துங்கள்: அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே மறுஒலிபரப்பலாமே தவிர, நீங்களாகச் செய்தியும் அரசியலும் ஒலிபரப்ப அனுமதி இல்லை. வானிலை, கடல் நிலை, மின்தடை அறிவிப்பு, வேலைவாய்ப்பு, உடல்நலம், தொழில்சார் உரையாடல் இவற்றுக்குள் நின்றுதான் பேச வேண்டும். அதற்குள்ளேயே பேசித் தீராத அளவுக்கு விஷயம் இருக்கிறது.

அடுத்து, விளம்பர வருமானத்தின் உச்சவரம்பைத் தாளில் போட்டுப் பாருங்கள். 2024இன் வழிகாட்டு நெறிகளின்படி மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் வரலாம். முன்பு 7 நிமிடமே இருந்தது. அரசு விளம்பரத்தின் அடிப்படைக் கட்டணம் 10 வினாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக உயர்ந்தது. 12 நிமிடம் என்பது 72 பத்து வினாடிகள்; ஆக மணிக்கு 5,328 ரூபாய். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், முப்பது நாள் என்று பெருக்கினால் 12 லட்சத்துக்கு மேல் வரும். இந்தத் தொகையைத் திட்ட அறிக்கையில் எழுதி நன்கொடையாளரிடம் நீட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் புத்தகத்தில் மிக நல்ல மாதத்தில்கூட அதில் பத்தில் ஒரு பங்கு வந்ததில்லை. அரசு விளம்பரம் வருகிற மாதம் வேறு, அதற்கான பணம் வருகிற மாதம் வேறு. இடைவெளியை ஈடுகட்டக் கையில் இருப்பு வேண்டும். உச்சவரம்பை ஒருபோதும் எதிர்பார்ப்பாக எழுதாதீர்கள்.

பிறகு, ஆண்டுக் கணக்கை நாட்காட்டி மாதங்களை வைத்துப் போடாமல் கடலை வைத்துப் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஐஸ் கம்பெனி, வலைக்கடை, என்ஜின் பட்டறை, டீசல் பங்க் என்று நமக்கு விளம்பரம் தருகிறவர்கள் எல்லோரும் அந்தப் படகுகளை நம்பியவர்கள். படகு நின்றால் அவர்கள் கை முதலில் சுருங்குவது விளம்பரத்தில்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்து, கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை வந்தால் இன்னொரு மந்தம். எனவே விளம்பரத்தை ஆண்டு ஒப்பந்தமாகப் பேசி, பணத்தை மாசி, பங்குனிக்குள் வாங்கிவிடுவது நல்லது; தடைக்காலத்து நேரத்தைப் பாதி விலைக்குச் சேர்த்துக் கொடுத்தால் அவர்களும் மறுப்பதில்லை. வலையைப் பழுதுபார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கிற அந்த இரண்டு மாதத்தில்தான் கேட்பவர் கூட்டம் அதிகம் என்பதையும் கடைக்காரரிடம் எடுத்துச் சொல்லுங்கள். எங்களிடம் முதலில் விற்றுத் தீர்ந்த நேரம், விடியுமுன் கடல் நிலை அறிவிப்புக்கு முன்னும் பின்னும் வருகிற இருபது வினாடிகள்.

இனிமேல்தான் சிக்கலான இடம். பாக் நீரிணைக் கரையில் நாட்டுப்படகுக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. விசைப்படகுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலை தடை செய்யப்பட்டது. அதைப் பற்றி நாட்டுப்படகு மீனவர் ஒருவரை எங்கள் நிகழ்ச்சியில் பேசவிட்டோம். அவர் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. குஞ்சு மீனையும் வாரிக்கொண்டு போனால் என் பேரன் எதைப் பிடிப்பான் என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை பத்து மணிக்குள் மூன்று விளம்பரதாரர்கள் போன் செய்தார்கள். “நீங்க பேசுறது நியாயமாவே இருக்கட்டும் தம்பி, நான் யாருகிட்ட ஐஸ் விக்கிறதுன்னு நினைச்சுப் பாருங்க” என்று அவர்களில் ஒருவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கெட்டவர் அல்லர்; அவருடைய பிழைப்பு அப்படி. அந்த மாதம் எங்கள் வருமானத்தில் ஏறக்குறைய பாதி போயிற்று, ஏனென்றால் அந்த மூவரை மட்டுமே நாங்கள் நம்பியிருந்தோம்.

அதன் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கை உங்களுக்கும் சொல்கிறேன். எந்த ஒரு விளம்பரதாரரின் பணமும் மொத்த வருமானத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால், கொடுக்க முன்வந்தாலும் கூடுதல் நேரத்தை விற்கக் கூடாது. விளம்பரம் வாங்கப் போகிறவர் நிகழ்ச்சி தயாரிக்கக் கூடாது. தயாரிப்பவர் கடைப் படியேறக் கூடாது. கடலோடு தொடர்பில்லாத தொழில்களைத் தேடிப் போக வேண்டும்: ராமநாதபுரத்துக் கண் மருத்துவமனை, முண்டு மிளகாய் வியாபாரி, தையல் பயிற்சி நிலையம், கல்யாண மண்டபம். பத்து ஐஸ் கம்பெனி விளம்பரம் சேர்ந்தாலும் அது ஒரே வாசல்தான்.

நேயர் பணத்தைப் பற்றி இப்போது பார்ப்போம். கேட்பவரே வானொலிக்குப் படியளக்கலாம் என்ற முறையை 1949இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் கே.பி.எஃப்.ஏ. நிலையம் தொடங்கி வைத்தது; அது இன்றும் ஒலிக்கிறது. மாதம் இருபது ரூபாய் இந்தக் கரையில் கிடைக்குமா என்று சந்தேகப்பட்டவர்களில் நானும் ஒருவன். பாசி எடுக்கும் பெண்களின் குழு ஒன்றுதான் எங்களுக்கு முதல் சந்தா கொடுத்தது. தீவுப் பக்கம் போகும்போது அவர்கள் படும் பாட்டைப் பற்றி நான்கு வாரம் பேசியிருந்தோம். குழுத் தலைவி மதுரை எண்ணெய்க் கடை மஞ்சள் பையில் சில்லறையாகவே கொண்டுவந்து மேசைமேல் கொட்டி, “எண்ணிக்கிட்டு ரசீது குடுங்க, பேரு எல்லாத்தையும் எழுதணும்” என்றார். முப்பத்திரண்டு பெயருக்கும் தனித்தனியே ரசீது எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் அப்படியே செய்யுங்கள்; பெயர் தெரியாத நன்கொடை வருமான வரிக் கணக்கில் தொல்லை தரும். 80ஜி என்று சொல்லப்படும் வரிச்சலுகைக்குப் பதிவு செய்திருந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. வங்கி வழியாகவே வாங்குங்கள்.

தொண்டியிலும் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பதால் அங்கிருந்து பணம் வரும். இங்கே கவனம் மிகவும் தேவை. வெளியூரில் இருந்தாலும் இந்தியக் குடிமகனாகவே இருக்கிறவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. ஆனால் அவரே சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டால், அவர் தரும் நூறு ரூபாயும் வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். ஒலி வழியே செய்தியும் நடப்பு விவகாரமும் வழங்கும் நிறுவனங்கள் வெளிநாட்டு நன்கொடையை வாங்கவே கூடாது. உரிமம் இல்லாமல் இணையத்தில் செய்தி அலசல் நடத்த நினைப்பவர்களும் இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படியுங்கள்.

அரசு மானியம் கிடைத்தால் அதைக் கருவி வாங்க மட்டும் பயன்படுத்துங்கள், சம்பளத்தை அதில் ஏற்றாதீர்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 2025 ஜூலையில் பொது ஒலிபரப்புக்கென ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றபோது, அதை நம்பியிருந்த சிற்றூர் நிலையங்களே முதலில் தவித்தன.

செலவுப் பக்கத்தில் நம் கரைக்கே உரிய எதிரி உப்பு. கோபுரத்தின் உச்சியில் கேபிள் சேரும் பித்தளை மூட்டில் பச்சையாகப் பூக்கும்; ஆன்டெனாவுக்குப் போய்ச் சேராமல் கீழே கருவிக்கே திரும்பி வரும் சக்தியைக் காட்டும் முள் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நாங்கள் அதைப் பார்த்தும் பார்க்காமல் விட்டோம். ஒரு மழைநாள் இரவில் கருவி சூடேறி நின்றுபோய், ஒன்பது நாள் ஊமையாக இருந்தோம். விற்ற விளம்பரத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததில்தான் பெரிய அடி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளை ஏற்றி மூட்டைத் துடைத்து, நீர் புகாத நாடா சுற்றவேண்டும். அதற்கான கூலியை வாடகை போலவே மாதாமாதம் எடுத்து வைக்க வேண்டும். கோபுரச் செலவு பெரியவர்களையும் விட்டதில்லை: நியூயார்க்கின் டபிள்யு.பி.ஏ.ஐ. நிலையம் எம்பயர் ஸ்டேட் கட்டடத்து உச்சியில் வைத்திருந்த ஆன்டெனாவின் வாடகை பாக்கிக்காக வழக்கைச் சந்தித்து, அதை அடைக்க அதன் தாய் நிறுவனம் பெருங்கடன் வாங்க வேண்டியதாயிற்று.

கடைசியாக, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, வந்ததும் போனதுமான கணக்கை ஒலிபரப்பிலேயே வாசித்துவிடுங்கள். விளம்பரதாரர் பெயர், தொகை, பாக்கி எதையும் மறைக்க வேண்டாம். நாங்கள் முதன்முறை வாசித்த அன்று, முடித்த இரண்டாவது நிமிடத்தில் நம்புதாளையிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். “கூட்டல்ல நாப்பது ரூவா இடிக்குதே, மறுபடி வாசிங்க” என்றார். வாசித்தோம், இடித்தது.