மாப்பிள்ளைச் சம்பா இட்லி: மூன்றாம் முறையில் கைவந்த பக்குவம்

மாப்பிள்ளைச் சம்பாவில் இட்லி வார்க்க முனைபவர்கள் முதலில் செய்கிற தவறு, இட்லிக் குண்டு அரிசிக்கு உரிய அளவையும் ஊறும் நேரத்தையும் அப்படியே இதற்கும் பொருத்திப் பார்ப்பதுதான். நானும் அதையே செய்தேன். நான்கு ஆழாக்கு சிவப்பரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து என்று போட்டு, நான்கு மணி நேரம் ஊறவைத்து ஆட்டி மூடிவைத்தேன். மறுநாள் காலையில் மாவு பொங்காமல் அடியில் படிந்து, மேலே செந்நீர் தெளிந்து கிடந்தது. வார்த்தெடுத்த இட்லியை அம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் உதிர்த்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து உப்புமாவாக்கிவிட்டார்.

காரணம் அரிசியின் தவிட்டில் இருக்கிறது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.டி.டி. 37 போன்ற குண்டு ரகங்களைத் தீட்டி வெள்ளையாக்கி விற்பதால் அவற்றுக்குள் நீர் விரைவாக இறங்கிவிடுகிறது; மாப்பிள்ளைச் சம்பாவையோ தவிட்டோடு விட்டுவிடுகிறார்கள், அந்தச் சிவப்பு உறையைக் கடந்து நீர் உள்ளே போக நேரம் பிடிக்கும். ஆகவே இரண்டாம் முறை பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்தேன். அத்துடன் நிற்காமல், பொங்கவில்லையே என்ற ஆற்றாமையில் உளுந்தையும் இரண்டு ஆழாக்காக்கினேன். மாவு பாத்திரத்தை விட்டு வழியும் அளவுக்குப் பொங்கியது. ஆனால் கொப்பரையில் உப்பி நின்ற இட்லி, இறக்கியதும் அமுங்கி, நடுவில் பிசுபிசுத்தது. மாவு புளிக்கும்போது உண்டாகும் காற்றைப் பிடித்துவைப்பது உளுந்தின் கொழகொழப்பு; அந்தக் காற்றறைகளைத் தாங்கி நிற்பது அரிசியின் குருணை. தாங்குவது குறைந்தால் பிடிப்பது எவ்வளவு இருந்தும் பயனில்லை.

மூன்றாம் முறை சரியாக வந்தது. இனி அந்த அளவைச் சொல்கிறேன். ஆழாக்கு இல்லாதவர்கள் எந்தக் குவளையையும் அளவாகக் கொள்ளலாம்.

மாப்பிள்ளைச் சம்பா புழுங்கலரிசி இரண்டு ஆழாக்கு, இட்லி அரிசி இரண்டு ஆழாக்கு, தோல் நீக்கிய முழு உளுந்து தலைதட்டாமல் ஓர் ஆழாக்கு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. முழுவதும் சிவப்பரிசியிலேயே செய்யக்கூடாதா என்று கேட்பவர்கள் செய்து பார்க்கலாம்; எனக்கு அந்த இட்லி உடம்புக்கு நல்லது என்பதற்காக விழுங்குகிற பண்டமாகத்தான் தோன்றியது, சரிபாதியில்தான் ருசித்துச் சாப்பிட முடிந்தது. வாங்கும்போது புழுங்கலா பச்சையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் நாளானால் சிக்குவாடை வரும். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் போதும்.

சிவப்பரிசியைத் தனியாகக் களைந்து முதல் நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் அந்தச் செந்நீரை மாற்றிவிட வேண்டும். இட்லி அரிசியைக் காலையில் நனைத்தால் பிற்பகலில் இரண்டும் ஒருசேரப் பக்குவமாக இருக்கும். உளுந்துக்கும் வெந்தயத்துக்கும் ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் ஊறினால் பொங்குமை குறைகிறது. எங்கள் பக்கத்தில் சம்பா அறுவடைக்குப் பத்து நாள் இருக்கையில், நெற்பயிர் நிற்கும்போதே ஈர வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல் போன பின் அந்த ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும். அப்படி வந்த புது உளுந்து கிரைண்டரில் நன்றாகக் காணும். பழைய உளுந்தானால் ஒரு பிடி கூடுதலாகப் போடுங்கள்.

உளுந்தை முதலில் ஆட்டவேண்டும். குளிர்ந்த நீரைக் கை கையாகத் தெளித்து அரைமணி நேரம் ஆட்டினால் வெண்ணெய்போல் திரண்டு வரும். ஒரு சொட்டை நீரில் விட்டு, அது மிதந்தால் எடுத்துவிடலாம். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் எதைச் செய்தும் ஈடுகட்ட முடியாது. பிறகு அரிசிகள் இரண்டையும் சேர்த்து மெல்லிய ரவைப் பதத்துக்கு அரைக்க வேண்டும். சிவப்பரிசியின் தவிடு புள்ளிபுள்ளியாகத் தெரியத்தான் செய்யும், அதை மைய அரைக்க முயன்று கிரைண்டரைச் சூடேற்ற வேண்டாம்.

உப்புச் சேர்த்துக் கையால் அடியிலிருந்து கிளறிக் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஏறாதபடி வைத்து மூடுங்கள். சித்திரை வைகாசியில் ஆறு ஏழு மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழிப் பனியில் பன்னிரண்டு மணி நேரமும் போதாமல், பாத்திரத்தைப் பழைய போர்வையால் சுற்றி அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இந்த மாவு வெள்ளை மாவைப் போல இருமடங்காகாது, ஒன்றரை மடங்கு ஏறினாலே பொங்கிவிட்டது என்று கொள்ளலாம். இது தெரியாமல் முன்பு ஒருமுறை காத்திருந்து காத்திருந்து புளிக்கவிட்டேன்.

பொங்கிய மாவைக் கலக்காமல் ஓரத்திலிருந்து அள்ளி, நனைத்துப் பிழிந்த துணி விரித்த தட்டில் ஊற்றுங்கள். எண்ணெய் தடவிய குழித்தட்டிலும் வரும், ஆனால் சிவப்பரிசி மாவு சற்றுக் கனமானது என்பதால் அடியிலிருந்து ஆவி ஏறுகிற துணியே இதற்கு ஏற்றது. நீர் தளதளவென்று கொதித்த பிறகே தட்டை வைத்து, பன்னிரண்டு நிமிடம் வேகவிடுங்கள். இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு, கவிழ்த்து, துணியின் முதுகில் நீர் தெளித்து உரித்தால் ஒட்டாமல் வரும்.

தொட்டுக்கொள்ளக் கும்பகோணம் கடப்பாவைத்தான் முதலில் செய்தேன். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்த மென்மை, மண்வாசனையுள்ள இந்த இட்லியிடம் எடுபடவில்லை. சுட்ட கத்தரிக்காய்க் கொத்சு பொருந்துகிறது; அதைவிட, எள் வறுத்துப் போட்ட மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் பொருந்துகின்றன.

மீந்த மாவை மூன்றாம் நாள் தோசையாக வார்க்கலாம். கொஞ்சம் நீர் விட்டுத் தளர்த்தி, சின்ன வெங்காயம் தூவி, மூடிபோட்டு ஒரு பக்கம் மட்டும் வேகவிடுங்கள். அம்மா இட்லியைப் பற்றி இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தோசையில் மட்டும் இரண்டாவது கேட்டார்.