ரக்பி ஆடிக்கொண்டிருக்கும்போதே கோச், மேனேஜர் வேலைக்குத் தயாராவது எப்படி

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ரக்பி ஆடுகிறேன் என்று சொன்னால் பாதிப் பேர் "ஹெல்மெட் மாட்டிக்கிட்டு ஆடுவாங்களே, அதுவா?" என்பார்கள் (அது அமெரிக்கன் ஃபுட்பால்), மீதிப் பேர் கபடியை விட்டுவிட்டு இது எதற்கு என்பார்கள். அவர்களை விடுங்கள். முட்டியும் தோளும் மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகும் இந்த விளையாட்டிலேயே இருக்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் இது.

முதலில் சோற்றுக்கு வழி. ரக்பி யூனியன் என்னும் வகை ரக்பியில் காசு வாங்கி ஆடலாம் என்று அனுமதி வந்ததே 1995-ல்தான். நம் நாட்டில் ரக்பி பிரீமியர் லீக் 2025 ஜூனில் மும்பையில் ஆரம்பித்தது, அந்த சீசனே சுமார் இரண்டு வாரம்தான். சென்னை புல்ஸ் கோப்பையை அடித்தது. அதை நம்பி வருடம் முழுக்கக் குடும்பம் நடத்த முடியாது. கடலூர்க்காரர் என்றால் தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டைப் பாருங்கள். நீங்கள் ஆடிய போட்டியின் சான்றிதழ் அதற்குச் செல்லுமா என்று மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள், ஓய்வு பெற்ற பிறகு அல்ல. புதுச்சேரிக்கு விதிகள் வேறு, அதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

பெரிய ஆட்டக்காரனாக இருந்தால் கோச் பதவி தானாக வரும் என்று ஒரு நினைப்பு உண்டு. வரலாம், நிற்காது. 2003 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்தும் பிரான்சும் மோதின. ஒரு பக்கம் கேப்டன் மார்ட்டின் ஜான்சன், மறுபக்கம் ஃபாபியன் கால்தியே. ஜான்சன் ஜெயித்தார், கோப்பையையும் தூக்கினார். கோச்சிங் அனுபவம் எதுவும் இல்லாமல் 2008-ல் நேராக இங்கிலாந்து அணிக்கே மேனேஜர் ஆனார் (அங்கே அது தலைமைக் கோச் மாதிரியான பதவி). 2011 உலகக் கோப்பைக் காலிறுதியில் அதே பிரான்சிடம் தோற்று, அந்த நவம்பரில் பதவி விலகினார். தோற்ற கால்தியே பாரிஸில் ஸ்டாட் பிரான்சே கிளப்பில் கோச்சாக ஆரம்பித்து, 2007-ல் அதைச் சாம்பியன் ஆக்கி, மோன்பெலியே, துலோன் கிளப்கள் என்று சுற்றிவிட்டு, 2019 உலகக் கோப்பை முடிந்த பிறகுதான் தேசிய அணியை ஏற்றார். புதுச்சேரியில் பிரெஞ்சு சேனல் பார்க்கும் வீடுகளில் இந்தப் பெயரைச் சொன்னால் உங்களுக்கு ஒரு காபி நிச்சயம். நமக்குத் தேவை கால்தியே போன வழி.

அதனால் ஆடும்போதே சின்ன வேலைகளை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். உலக ரக்பி அமைப்பின் இணையதளத்தில் பாதுகாப்பு, முதலுதவி, தலைக்காயம் பற்றிய பாடங்கள் இலவசம். அப்புறம் லெவல் 1 கோச்சிங், அதாவது கோச்சுக்கான முதல் நிலைப் படிப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்கு சில்வர் பீச் மணலில் டேக்கிள் (பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்துவது) சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். கபடியில் பழகியவன் இடுப்பைப் பிடிப்பதில் கெட்டிக்காரன், ஆனால் பிடிக்கும்போது தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று அவனுக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டும்.

வெளியூர்ப் போட்டி என்றால் மேனேஜருக்கு எடுபிடியாகப் போங்கள். உண்மையான பாடம் அங்கேதான். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், மருத்துவத் தகுதிச் சான்று, நான்கு போட்டோ. பையன்களிடம் விடாதீர்கள், விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் மாறும்போது ஒருவனாவது பையை பெஞ்சிலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவான்.

ஆட்டத்தின்போது மேனேஜருக்கு ஒரு கண்டிப்பு வேண்டும். தலையில் அடிபட்டு எழுந்தவனிடம் இதைக் கேளுங்கள்: இது எந்த மைதானம்? இப்போது எந்தப் பாதி? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டம் யாரோடு, ஜெயித்தோமா? ஒன்றில் தடுமாறினாலும் வெளியே, அன்றைக்கு மறுபடி இறக்கக் கூடாது. எல்லாம் சரியாகச் சொல்லியும் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அப்போதும் வெளியேதான். "ஒண்ணுமில்லண்ணே, நல்லாத்தான் இருக்கேன்" என்பான். இறுதிப் போட்டியாக இருந்தாலும், அவன் அப்பா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாலும், அன்றைக்கு உட்கார வையுங்கள், அதற்குப் பிறகும் டாக்டர் சொல்லும்வரை இறக்காதீர்கள்.

கூட ஆடியவனையே டீமிலிருந்து எடுப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். வாட்ஸ்அப்பில் பட்டியலைப் போட்டுவிட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள். முந்தின நாளே தனியாகக் கூப்பிட்டு, "மச்சான், நாளைக்கு நீ இல்ல, லைன்அவுட்ல உயரமான ஆள் வேணும்" என்று காரணத்தோடு சொல்லிவிடுங்கள் (கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறியும்போது இரு அணியும் வரிசையாக நின்று எம்பிப் பிடிப்பதுதான் லைன்அவுட்). திட்டுவான், கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளம் முதலில் கிடைக்காது. பயணச் செலவாவது யார் தருவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் வாங்கினால் ஆட்டோ, தண்ணீர் கேன் வரைக்கும் பில்லை ஒரு நோட்டில் ஒட்டி, திரும்பிய வாரமே சங்கச் செயலாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.