சிலந்தி தன் வலையைத் தின்பதை எப்படிப் பார்ப்பது?

வட்ட வலை பின்னும் சிலந்திகள் பலவும் பழைய வலையைச் சுருட்டித் தின்றுவிட்டு, அந்தப் புரதத்திலிருந்தே புது நூல் நூற்கின்றன. சோதனைகளில் பழைய நூலின் பெரும்பகுதி புது வலைக்குத் திரும்பியிருக்கிறது, அதுவும் அரை மணி நேரத்தில்!

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரச் செடிகளே போதும். மாலை 7 மணிக்குப் போய் நில்லுங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால்தான் நூல் மின்னும். சிலந்தி முதலில் போடுவது வெளிச்சட்டம், பிறகு நடுவிலிருந்து விரியும் ஆர நூல்கள். அடுத்து நடுவிலிருந்து வெளியே போகும் பசையற்ற சுருள். அது கட்டடச் சாரம் போல வெறும் தற்காலிகத் தாங்கல். அதன்பின் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பசைச்சுருளைப் போட்டபடியே சாரத்தை அறுத்துக்கொண்டு வரும். கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டிய கட்டம் இதுதான்.

வலை தெரியவில்லையென்று மாவு தூவாதீர்கள். பசைத்துளிகள் மூடிப்போய் பூச்சி ஒட்டாது. தூசியும் மழையும் செய்வது இதைத்தான். அடிக்கடி புதுப்பிப்பது அதனால்தான்.

இரவில் வேட்டையாடும் பல இனங்கள் விடியுமுன் வலையைத் தின்றுவிடும், அதனால் காலை 6 மணிக்கே வந்துவிடுங்கள். மெக்ரிட்சி காட்டுப்பாதையின் பெரிய பொன்னூல் சிலந்தியிடம் இதை எதிர்பார்க்க வேண்டாம். அது முழு வலையையும் பிரிக்காது, சேதமான பகுதியை மட்டும் மாற்றும்.