பழைய மாறுவேட விருந்துப் படத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

அரசி வேடத்தில் ஒரு பெண் நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் கையில் கிடைத்தால், உடையை வைத்துக் காலத்தை முடிவு செய்யாதீர்கள். முதலில் இடுப்பையும் தலைமுடியையும் பாருங்கள்.

1897 ஜூலை 2 அன்று லண்டன் டெவன்ஷயர் மாளிகையில் நடந்த நடன விருந்தை எடுத்துக்கொள்வோம். 1815க்கு முந்தைய வரலாற்று உடையிலோ உருவக வேடத்திலோ (ஒரு கருத்துக்கு மனித உருவம் தரும் வேடம்) வர வேண்டும் என்பது அழைப்பின் நிபந்தனை. விருந்தளித்த டெவன்ஷயர் சீமாட்டி, இன்றைய சிரியாவில் இருந்த பல்மைராவின் 3-ஆம் நூற்றாண்டு அரசி ஜெனோபியாவாக வந்தார். உடையைத் தைத்தது பாரிஸின் வொர்த் நிறுவனம். படத்தில் உடைதான் பல்மைரா. கார்செட் என்ற இறுக்கமான உள்ளாடை இறுக்கிய இடுப்பு அப்படியே 1890கள்! வேடம் மாறினாலும் உடல்வாகின் ஃபேஷன் மாறுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த தடயம் இதுதான்.

அப்புறம் பின்னணி. லாஃபயெட் ஸ்டுடியோ அன்றிரவு தோட்டத்தில் கூடாரம் போட்டுப் படமெடுத்தது. சிலர் பிறகு ஸ்டுடியோவுக்கே போய் அதே உடையில் நின்றார்கள். எனவே பின்னால் தெரியும் தூண்களை மாளிகை என்று நம்ப வேண்டாம், வரைந்த திரையாக இருக்கலாம்.

நிறத்திலும் கவனம் தேவை. அன்று படம் பதியப் பயன்பட்ட கண்ணாடித் தகடுகளில் சிவப்பு சரியாகப் பதியாது, கறுப்பாக விழும், நீலம் வெளிறிவிடும். கறுப்பாகத் தெரியும் கவுன் உண்மையில் நல்ல சிவப்பாக இருந்திருக்கலாம்.

சரி, படத்தைத் திருப்பியும் பாருங்கள். படம் ஒட்டிய அட்டையின் பின்புறம் ஸ்டுடியோவின் பெயரும் முகவரியும் அச்சாகியிருக்கக்கூடும்.