ஆன்டிசென்ஸ் ஆர்என்ஏ படிக்கும்போது எங்கெல்லாம் சறுக்குறோம்

ஒரு ஜீனோட ஆர்என்ஏகூட ஜோடி சேரக்கூடிய எதிர் வரிசை உள்ள இழைதான் ஆன்டிசென்ஸ். அது என்ன பண்ணும்னு கேட்டா நிறைய பேர், எம்ஆர்என்ஏ (புரோட்டீன் செய்ய ஜீன்லருந்து எடுக்கற நகல்) மேல போய் ஒட்டிக்கும், புரோட்டீன் வராது, அவ்ளோதான்னு முடிச்சிடறாங்க. தசையெல்லாம் பலவீனமாகுற ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபிங்கிற பரம்பரை நோய்க்கு 2016ல அமெரிக்கால அனுமதி கிடைச்ச நுசினர்சென் மருந்தும் ஆன்டிசென்ஸ்தான், ஆனா அது எஸ்எம்என்2 ஜீனோட ஸ்ப்ளைசிங்கை (ஆர்என்ஏவை வெட்டி ஒட்டுற வேலையை) மாத்தி, வேலை செய்யற புரோட்டீனை அதிகமா வரவைக்குது. அதனால ஆன்டிசென்ஸ்னாலே அடக்குறதுன்னு மனப்பாடம் பண்ணாதீங்க.

இதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. ஒரு ஆன்டிசென்ஸ் ஆர்என்ஏவை வரவிடாம பண்ணதும் பக்கத்து ஜீன் ஓட ஆரம்பிச்சா, அந்த ஆர்என்ஏ மூலக்கூறுதான் அடக்கி வச்சிருந்துச்சுன்னு உடனே எழுதிடறது. எலில ஐஜிஎஃப்2ஆர்னு ஒரு ஜீன், அம்மாகிட்டருந்து வந்த குரோமோசோம்ல மட்டும் ஓடும், அப்பாகிட்டருந்து வந்ததுல அதுக்குப் பதிலா எதிர் இழைல ஏர்ன்னு ரொம்ப நீளமான ஒரு ஆர்என்ஏ ஓடும். 2002ல ஏர்னை ஆரம்பத்துலயே நிறுத்திக் குட்டையாக்கினாங்க, அப்பா பக்கத்து ஜீன் முழிச்சிக்கிச்சு, சரி ஆர்என்ஏதான் காரணம்னு தோணும்ல? 2012ல டெனிஸ் பார்லோ குழு ஏர்னை வேற வேற நீளத்துல நிறுத்திப் பார்த்தாங்க. அது ஐஜிஎஃப்2ஆர் ப்ரமோட்டரை (ஜீன் ஓட ஆரம்பிக்கிற இடத்தை) கடந்து ஓடினா ஜீன் அடங்குது, கடக்கறதுக்கு முன்னாடியே நின்னா அடங்கல. அதாவது ப்ரமோட்டர் மேல எதிர்ப்பக்கமா பாலிமரேஸ் (டிஎன்ஏவைப் படிச்சு ஆர்என்ஏ செய்யற என்சைம்) ஓடுறதே போதும், அதுலருந்து வர்ற ஆர்என்ஏக்கு இந்த வேலைல பங்கே இல்ல. எனக்கு இந்தத் துறையிலயே ரொம்பப் பிடிச்ச சோதனை இதுதான். இப்படிப்பட்ட இடத்துல எஸ்ஐஆர்என்ஏ (குறிப்பிட்ட ஆர்என்ஏவை அழிக்க வைக்கிற குட்டி ஆர்என்ஏ) போட்டு ஆர்என்ஏவை மட்டும் அழிச்சிட்டு, ஒண்ணும் மாறல, இது சும்மா குப்பைன்னு சொன்னா அதுவும் தப்பாதான் போகும்.

அதுக்காக எல்லாமே ஏர்ன் மாதிரின்னும் நினைக்காதீங்க. பெண்களோட ரெண்டு எக்ஸ் குரோமோசோம்ல ஒண்ணை அடக்குற எக்ஸிஸ்ட்ங்கிற ஆர்என்ஏ அப்படியில்ல, அந்த ஆர்என்ஏவே எக்ஸ் குரோமோசோமைச் சுத்திப் படர்ந்து, அடக்குற புரோட்டீன்களைக் கூட்டிட்டு வருது. அதுக்கு எதிர் இழைல ஓடுற டிசிக்ஸ் எலில எக்ஸிஸ்ட்டைத் தடுக்குது, அதை அப்படியே மனுஷனுக்குப் பொருத்திடாதீங்க, நம்மகிட்ட அது அதே மாதிரி வேலை செய்யறதில்ல.

கண்ட்ரோல் (ஒப்பிட்டுப் பாக்க வைக்கிற சோதனை) விஷயத்துல சோம்பேறித்தனம் வேண்டவே வேண்டாம். 1995ல சி. எலிகன்ஸ் புழுல பார்-1 ஜீனை அடக்க ஆன்டிசென்ஸ் ஆர்என்ஏவை ஊசில போட்டாங்க, கண்ட்ரோலுக்குப் போட்ட சென்ஸ் ஆர்என்ஏவும் (எம்ஆர்என்ஏவோட அதே வரிசை உள்ளது) அதே விளைவைக் கொடுத்துச்சு. அதை மறைக்காம எழுதினாங்க. 1998ல ஃபயரும் மெல்லோவும் ரெட்டை இழை ஆர்என்ஏதான் பலமா அடக்குதுன்னு காட்டினப்புறம்தான் அந்தப் புதிருக்கு விடை கிடைச்சுது, 2006ல நோபலும் வந்துச்சு.

எம்ஆர்என்ஏவோட ஜோடி சேர்ந்து ஜீனை அடக்குற குட்டி ஆர்என்ஏவான மைக்ரோஆர்என்ஏல நடக்குற தப்பு வேற மாதிரி. 1993ல வந்த லின்-4க்கு நீளம் 22 பேஸ்தான், லின்-14 எம்ஆர்என்ஏவோட அது முழுசா ஜோடி சேர்றதில்ல, அங்கங்க விட்டு விட்டுதான் சேருது. அதனால முழுப் பொருத்தம் தேடினா டார்கெட் கிடைக்காது, சாஃப்ட்வேர் ஆறேழு பேஸ் பொருந்துதுன்னு காட்டினதையெல்லாம் டார்கெட்னு நம்பவும் கூடாது, எம்ஆர்என்ஏல அந்த இடத்தை மாத்திட்டு அடக்கம் போகுதான்னு பாக்கணும்.

அப்புறம் சீக்வென்சிங்குக்கு சாம்பிள் அனுப்பறதுக்கு முன்னாடி லைப்ரரி (படிக்கறதுக்காகத் தயார் பண்ற துண்டுகளோட தொகுப்பு) எந்த இழைன்னு பிரிச்சுக் காட்டுற வகையான்னு கேட்டுக்கோங்க. இல்லன்னா சென்ஸும் ஆன்டிசென்ஸும் ஒரே குவியலா வரும், அப்புறம் எந்த சாஃப்ட்வேராலயும் சரியா பிரிக்க முடியாது. பாலி-ஏ (ஆர்என்ஏ கடைசில வர்ற ஏ-க்களோட வால்) வச்சு மட்டும் பொறுக்கினா அந்த வால் இல்லாத, புரோட்டீன் செய்யாத நான்கோடிங் ஆர்என்ஏ பெரும்பாலும் அங்கயே கழண்டுடும்.